வாங்கின உப்பு எத்தனை மூட்டை? எடுத்த உப்பு எத்தனை மூட்டை? கணக்குக் காட்டு!



மழை பெய்தால் விவசாயி சந்தோஷப்பட வேண்டும். நம்ம ஊரில் மழை பெய்தால் டார்ச் லைட்டைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடுகிறோம். ஏன்? வானம் இருட்டினால் மேலே சில பட்டறைகளில் வால்வு திறக்கும் என்று நமக்குத் தெரியும். மழைத் தண்ணியோடு தண்ணியாகப் போய்விடும், எவன் கண்டுபிடிக்கப் போகிறான் என்ற தைரியம்!

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி அப்படித்தான் ஓடினோம். பாலத்துக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு நுரை. தண்ணி கருஞ்சிவப்பு. உடனே தகவல் சொன்னோம். வந்து பார்க்க வேண்டியவர்கள் மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அதற்குள் சாயத்தண்ணி நம்மைத் தாண்டிப் போய்விட்டது. "தண்ணி தெளிவாத்தானே இருக்குது, கலரே இல்லையே?" என்றார் வந்தவர். அவர் முன்னாலேயே கரையோரக் கிணற்றில் ஒரு வாளி சேந்தினோம். கண்ணாடி மாதிரித் தண்ணி. கலர் துளிகூட இல்லை. கிணற்றுக்காரர் சொன்னார்: "இதை ஒரு வாய் குடிச்சுப்போட்டு அப்புறம் பேசுங்க சார்!" வந்தவர் குடிக்கவில்லை. ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அந்த ஒரு வாளித் தண்ணிக்குள்தான் முப்பது வருஷத்து மோசடி முழுவதும் இருக்கிறது. அதைத்தான் இந்தத் துண்டறிக்கையில் உங்கள் முன் வைக்கிறோம். பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

சாயம் கண்ணுக்குத் தெரியும், உப்பு தெரியாது

பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டும் என்றால் சாயத்தொட்டியில் உப்புப் போட வேண்டும். நாம் ரசத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு சிட்டிகை அல்ல. அடர்த்தியான நிறம் என்றால் ஒரு லிட்டர் தண்ணிக்கு 60 கிராம், 80 கிராம் என்று போகும். சாதா உப்பும் போடுவார்கள், கிளாபர் உப்பு என்கிற சோடியம் சல்பேட்டும் போடுவார்கள்.

இந்த உப்பு துணியோடு போகிறதா? இல்லை! சாயத்தைத் துணியில் ஏற்றிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. அலசும்போது ஏறக்குறைய அத்தனையும் கழிவுத் தண்ணியில் வந்துவிடும். சாயத்திலாவது பாதிக்கு மேல் துணியில் ஒட்டிக்கொள்ளும். உப்பு ஒட்டாது. உள்ளே போன மூட்டை அப்படியே வெளியே வரும்.

இதை ஒரு கணக்காகப் பாருங்கள். அலசல் தண்ணியெல்லாம் கலந்த பிறகு கழிவில் லிட்டருக்கு 6 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு ராத்திரியில் ஒரு பட்டறை 1 லட்சம் லிட்டரைத் திறந்துவிட்டால் 600 கிலோ உப்பு. ஐம்பது கிலோ மூட்டையில் 12 மூட்டை! 12 மூட்டை உப்பை ஒருத்தன் பட்டப்பகலில் உங்கள் கிணற்றில் கொட்டினால் சும்மா விடுவீர்களா? ராத்திரியில் தண்ணியில் கரைத்துக் கொட்டினால் மட்டும் அது குற்றமில்லையா?

குடிக்கிற தண்ணியில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத ஊரில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது அரசு வைத்திருக்கிற அளவு. கழிவில் இருப்பதோ 5,000, 6,000, அதற்கும் மேலே. இந்தத் தண்ணி வயலில் பாய்ந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மண் இறுகிப் போகும். மேலே தண்ணி நிற்கும், கீழே இறங்காது. மஞ்சள் கருகும். தென்னையில் குரும்பை கொட்டும். இளநீர்கூடக் கரிக்கும். ஜிப்சம் போடு, தக்கைப்பூண்டு மடக்கி உழு என்கிறார்கள். போடலாம். ஆனால் கரைந்த உப்பை அடித்துக்கொண்டு போக நல்ல தண்ணி வேண்டுமே! அந்த நல்ல தண்ணிக்கு எங்கே போவது?

ஒரத்துப்பாளையம் சொல்லும் பாடம்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைத் தொட்டுக் காவிரியில் கலக்கிற ஆறு நம் நொய்யல். இந்த ஆற்றை நம்பி 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் என்றார்கள். நாமும் நம்பினோம். நடந்தது என்ன? அணையில் தேங்கியது மழைத் தண்ணி அல்ல, சாயக்கழிவு! திறந்துவிட்டால் கீழே இருக்கிற ஊர் கெடும், தேக்கி வைத்தால் சுற்றியிருக்கிற கிணறெல்லாம் கெடும். பாசனத்துக்கென்று கட்டிய அணையை, "காலி பண்ணு, உள்ளே கிடக்கிற சேற்றை அள்ளு" என்று பாசன விவசாயிகளே நீதிமன்றப் படியேற வேண்டிய கொடுமை உலகத்தில் வேறெங்காவது உண்டா?

2004-ல் சூழல் இழப்பீட்டு ஆணையம் கணக்கெடுத்தது. 68 கிராமங்கள், 28,596 விவசாயிகள், ஏறக்குறைய 24 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு. பெரிய தொகை மாதிரித் தெரிகிறதல்லவா? தலைக்கு வகுத்துப் பாருங்கள். சராசரி 8,700 ரூபாய்கூட வராது. ஒரு கறவை மாடு வாங்கக் காணாது!

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் விடவில்லை. வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது, அதுவரை விடுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம் கட்டு என்றது. 6 பைசாவில் ஆரம்பித்து 10 பைசா வரைக்கும் அபராதம். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கெடுத்தவனே செலவு கொடுக்க வேண்டும் என்பது சட்டம் என்றது. அப்படியும் நிறுத்தவில்லை. 2011 ஜனவரி 28-ல் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அப்போதுதான் விழித்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. திருப்பூரில் 18 பொது சுத்திகரிப்பு நிலையங்கள் திரும்ப ஓடின. கழிவிலிருந்து தொண்ணூறு சதவீதத் தண்ணிக்கு மேல் மீட்டு, அதே தண்ணியில் மறுபடி சாயம் போட முடியும் என்று திருப்பூர்க்காரர்களே செய்து காட்டினார்கள். முடியாது, முடியாது என்று இருபது வருஷம் சொன்னது முடிந்தது! அதனால்தான் கேட்கிறோம். முடியும் என்று ஆன பிறகும் மழை ராத்திரியில் வால்வு திறக்கிறவனுக்கு என்ன மன்னிப்பு?

சுத்திகரிப்பு என்றால் என்ன? தெரிந்துகொள்வோம், ஏமாற மாட்டோம்

"சுத்தம் பண்ணித்தானுங்க விடறோம்" என்று சொன்னால் தலையாட்டக் கூடாது. எப்படிச் சுத்தம் பண்ணினாய் என்று கேட்க வேண்டும்.

சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டுக் கலக்கினால் கலர் அடியில் தங்கும். மேலே தெளிந்த தண்ணி நிற்கும். அந்தக் காலத்தில் இதைத்தான் சுத்திகரிப்பு என்றார்கள். உப்பு ஒரு கிராம்கூடக் குறையாது. கசடுதான் மூட்டை மூட்டையாகச் சேரும்.

நுண்ணுயிர்த் தொட்டி வைத்துக் காற்று ஊதினால் அழுக்கும் நாற்றமும் குறையும். நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் நுண்ணுயிர் உப்பைத் தின்னாது.

நாணல் வளர்க்கிறோம், வெட்டிவேர் போடுகிறோம், இயற்கை முறை என்று சிலர் படம் காட்டுவார்கள். வீட்டுச் சாக்கடைத் தண்ணிக்கு அது உதவும். லிட்டருக்கு 6 கிராம் உப்பை எந்தச் செடியும் இழுத்துக்கொள்ளாது. இழுக்கிற செடி இருந்தால் முதலில் நம் காட்டில் அல்லவா நட்டிருப்போம்!

அடுத்தது ஆர்.ஓ. கவனியுங்கள், இங்கேதான் சூட்சுமம். ஆர்.ஓ. உப்பை அழிக்காது, ஒதுக்கும். 100 லிட்டரில் 85 லிட்டர் நல்ல தண்ணி, 15 லிட்டர் ரிஜெக்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை உப்பும் அந்த 15 லிட்டரில் இருக்கும். அதாவது முன்னைவிட ஆறு ஏழு மடங்கு கொடிய தண்ணி. ஆர்.ஓ. வைத்திருக்கிறேன் என்று முன்வாசலில் போர்டு மாட்டிவிட்டு, பின்வாசலில் ரிஜெக்டைத் திறந்துவிட்டால் அது சுத்திகரிப்பா, கொலையா?

ரிஜெக்டைக் காய்ச்ச வேண்டும். ஆவியாக்கியில் தண்ணியை ஆவியாக்கி, அதையும் குளிரவைத்துப் பிடித்து, மிஞ்சுகிற கிளாபர் உப்பைப் படிய வைத்து எடுக்க வேண்டும். அல்லது உப்புத் தண்ணியையே சுத்தம் செய்து, புது உப்புக்குப் பதிலாக அடுத்த சாயத்தொட்டிக்கு அனுப்ப வேண்டும். இது இரண்டும் திருப்பூரில் நடக்கிற வேலைதான். இதுவரைக்கும் வந்தால்தான் சுத்திகரிப்பு முழுமை. பாதியில் நிற்பது எல்லாம் கண்துடைப்பு.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, ஒளிக்க வேண்டாம். காய்ச்சுவதற்கு விறகும் கரண்டும் ஏராளமாக வேண்டும். கடைசியில் பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்கும். ஆகவே முதல் வைத்தியம் தொட்டியிலேயே ஆரம்பிக்க வேண்டும். பழைய விஞ்ச் மெஷினில் 1 கிலோ துணிக்கு 12 லிட்டர் சாயத்தண்ணி என்றால், நல்ல சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் 6 லிட்டர் போதும். லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால், 1 டன் துணிக்கு முன்னதில் 720 கிலோ, பின்னதில் 360 கிலோ. மெஷினை மாற்றினாலே பாதி உப்பு மிச்சம்! குறைந்த உப்பில் ஏறுகிற சாயங்கள் வந்துவிட்டன. துணியைச் சாயத்தில் நனைத்துச் சுருட்டி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, சூடு இல்லாமல், உப்பு இல்லாமல் பல மணி நேரம் ஊறவைக்கிற முறையும் இருக்கிறது. பனியன் துணிக்கு அது கொஞ்சம் சிரமம், துணியை விரித்து ஓட்ட வேண்டும். சிரமம்தான், முடியாதது அல்ல. நாம் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறும்போது சிரமப்படவில்லையா?

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

இப்போது நம் கேள்விக்கு வருவோம். உப்பு துணியோடு போவதில்லை. காற்றிலும் போவதில்லை. அப்படியானால் எல்லாவற்றையும் மீட்டு மறுபடி உபயோகிக்கிறேன் என்று சொல்கிற பட்டறைக்கு லாரி லாரியாகப் புது உப்பு எதற்கு வந்து இறங்குகிறது? பழைய உப்பு எங்கே போனது?

கணக்கு எளிது. வாங்கின புது உப்பு இத்தனை மூட்டை. கிடங்கில் கட்டி வைத்த கலப்பு உப்பு இத்தனை மூட்டை. இரண்டும் ஏறக்குறையச் சரியாக இருந்தால் அவர் நேர்மையான ஆள், கும்பிட்டுவிட்டு வருவோம். இடித்தால், இடிக்கிற மூட்டை நம் கிணற்றில் இருக்கிறது!

தண்ணியைச் சோதிக்க ராத்திரி காத்திருக்க வேண்டும். மழையில் கரைந்துவிடும், மறுநாள் சாட்சி இருக்காது. உப்பு பில் கரையாது. வாங்கினதற்கு ரசீது உண்டு. அதைக் கேட்போம்!

"தொழில் வேணுமா, விவசாயம் வேணுமா?"

இப்படி ஒரு கேள்வியைப் போட்டு நம் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். நம் பிள்ளைகள்தான் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறுகிறார்கள். கிணறு கெட்டதால் போனவர்களும் அதில் உண்டு. தொழில் அழிய வேண்டும் என்று நாம் எங்கே சொன்னோம்? ஆற்றில் விடாதே என்கிறோம், அவ்வளவுதான்.

செலவு தாங்காது என்கிறார்கள். போட்டுப் பார்ப்போம். 1 லிட்டர் கழிவை முழுதாகச் சுத்தம் செய்ய 20 பைசா, 1 கிலோ துணிக்கு 50 லிட்டர் கழிவு என்று வைத்துக்கொண்டால் கிலோவுக்கு 10 ரூபாய். 1 கிலோ துணியில் ஐந்து டி-சர்ட் வரும். ஒரு டி-சர்ட்டுக்கு 2 ரூபாய்! கடல் கடந்து போய் நூற்றுக்கணக்கில் விற்கிற சட்டைக்கு இந்த 2 ரூபாயைக் கொடுக்க வாங்குகிறவனுக்கு மனசில்லை. அந்த 2 ரூபாயை இத்தனை வருஷமாக யார் கொடுத்தது? கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போட்டு, அதிலும் உப்பு வந்து, மாட்டை விற்று, கொறங்காட்டை விற்று நாம் கொடுத்தோம்.

ஒழுங்காக ஆவியாக்கி ஓட்டுகிற முதலாளிக்கும் நாம் எதிரி அல்ல. திருட்டுத்தனமாகத் திறந்துவிடுகிறவன் அவரைவிடக் குறைந்த கூலிக்குச் சாயம் போட்டுக் கொடுத்து, அவர் ஆர்டரைத் தட்டிக்கொண்டு போகிறான். கள்ளவால்வு நமக்கும் எமன், நேர்மையான பட்டறைக்காரருக்கும் எமன். அவரும் நம்மோடு நின்று உப்புக் கணக்கைக் கேட்கட்டும்.

கடலுக்குக் குழாய் போட்டு அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று 2000-களில் ஒரு திட்டம் பேசினார்கள். நம் வீட்டு வாசல் குப்பையை மீனவன் வீட்டு வாசலில் கொட்டச் சொல்ல நாம் தயாரில்லை. அந்தப் பேச்சு மறுபடி எழுந்தாலும் எதிர்ப்போம்.

நம் பக்கத்துத் தப்பு

அடுத்தவரைக் கை நீட்டும்போது நம்மையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல தண்ணி இருந்த காலத்தில் டேங்கர் லாரிக்குக் கிணற்றுத் தண்ணியை விற்றது யார்? நம்மில் சிலர். இரண்டு மடங்கு வாடகை கிடைக்கிறது என்று தோட்டத்துச் சாளையைப் பெயர்ப்பலகை இல்லாத பட்டறைக்கு விட்டது யார்? நம்மில் சிலர். வற்றிய ஆழ்துளைக் கிணற்றில் கழிவை இறக்கக் கண்ணை மூடிக்கொண்டது யார்? சொல்ல வாய் கூசுகிறது. வருகிற வாடகை ஒரு குடும்பத்துக்கு, போகிற நிலத்தடித் தண்ணி ஊருக்கே! நம் சங்கத்தில் இருக்கிற எவர் இடத்தில் அப்படி நடந்தாலும் முதல் புகார் நாங்களே கொடுப்போம் என்று இதன் மூலம் பகிரங்கமாகச் சொல்கிறோம்.

நம் கோரிக்கைகள்

1. ஒவ்வொரு சாயப்பட்டறையும், ஒவ்வொரு பொது சுத்திகரிப்பு நிலையமும் மாதாமாதம் உப்புக் கணக்கு வெளியிட வேண்டும். வாங்கினது, மீட்டது, கிடங்கில் இருப்பது மூன்றையும் ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்ட வேண்டும்.

2. கலப்பு உப்பையும் கசடையும் கூரையும் சிமெண்டுத் தளமும் உள்ள கிடங்கில்தான் வைக்க வேண்டும். திறந்தவெளியில் கிடக்கிற மூட்டை ஒரு மழைக்கு மறுபடி ஆற்றுக்கு வந்துவிடும். கசடைச் சிமெண்டு ஆலைச் சூளைக்கு அனுப்பின கணக்கையும் காட்ட வேண்டும்.

3. ஆற்றில் பட்டறைப் பகுதிக்கு மேலேயும் கீழேயும் இரவு பகலாக உப்பு அளக்கிற கருவி வைத்து, அளவை ஊருக்குத் தெரியும்படி பலகையில் காட்ட வேண்டும்.

4. குறைந்த தண்ணி மெஷினுக்கும், குறைந்த உப்புச் சாயத்துக்கும், சூரிய வெப்பத்துக்கும் மாறுகிற சிறு பட்டறைகளுக்கு அரசு கடன் கொடுக்கட்டும். கள்ளத்தனமாகத் திறப்பவனுக்கு மின் இணைப்பைத் துண்டிக்கட்டும்.

5. கெட்டுப்போன கிணறுகளையும் நிலத்தையும் மறுபடி கணக்கெடுத்து இழப்பீடு வழங்க வேண்டும். பிடிபட்டவனிடம் வாங்கி அந்த ஊருக்கே கொடுக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடக்காது. ஊருக்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்குங்கள். பேனா மாதிரி இருக்கும், சில நூறு ரூபாய்தான். வாரம் ஒரு நாள் ஆற்றிலும் ஐந்து கிணற்றிலும் அளந்து, தேதி போட்டு, ஒரு நோட்டில் எழுதுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளே எழுதிவிடுவார்கள். கள்ளத்தண்ணி வந்தால் சுத்தமான பாட்டிலை அதே தண்ணியில் மூன்று தடவை அலசிவிட்டுப் பிடியுங்கள். இடம், நேரம், இரண்டு சாட்சிப் பெயர் எழுதி ஒட்டுங்கள். செல்போனில் படம் எடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடுங்கள். பட்டறைகள் கொடுத்த ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். அதற்கும் அசையாவிட்டால் சென்னையில் இருக்கிற பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவோம்.

வருகிற விவசாயிகள் குறைதீர் நாளன்று கலெக்டர் ஆபீசுக்கு வெறுங்கையோடு வராதீர்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் உங்கள் கிணற்றுத் தண்ணி கொண்டு வாருங்கள். பாட்டிலில் ஊர்ப் பெயரும் மீட்டர் அளவும் எழுதி ஒட்டுங்கள். அத்தனையையும் மேசை மேல் வரிசையாக வைப்போம். நிறமில்லாத தண்ணிதான், கண்ணாடி மாதிரித் தண்ணிதான். "இதை ஒரு வாய் குடிச்சுப்போட்டு அப்புறம் பேசுங்க" என்று ஒவ்வொருத்தரும் கேட்போம்.

நம் அப்பன் பாட்டன் இந்த ஆற்றுத் தண்ணியைக் கையில் அள்ளிக் குடித்தார்கள். நம் பேரன் பேத்திக்கு அந்த ஆற்றைத் திரும்பக் கொடுக்காமல் கண்ணை மூட மாட்டோம்.

உப்புக் கணக்கைக் காட்டு!
கள்ளவால்வைப் பூட்டு!
நொய்யலை மீட்போம்! ஒன்றுபடுவோம்! வெல்லும் வரை போராடுவோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம், நொய்யல் கரைக் கிராமங்கள்